சொட்டு மருந்து அக்கா

எங்கள் மாடியில் குடியிருந்த அக்கா எதையும் மூன்று முறை கேட்பார். பஸ்ஸில் போனால் "இது சிவாஜிநகர் போகுமா?" என்று ஏறும்போது ஒரு தடவை, டிக்கெட் வாங்கும்போது ஒரு தடவை, உட்கார்ந்து இரண்டு ஸ்டாப் தாண்டிய பிறகு ஒரு தடவை. "எஷ்டு சல ஹேள்பேக்கு மேடம்?" என்று ஒரு கண்டக்டர் கத்தியபோது நான் பக்கத்து சீட்டில் கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன். எத்தனை தடவை சொல்வது என்று அவர் கேட்டதற்கு அக்கா கொஞ்சமும் கோபப்படவில்லை. "மூரு சல சாக்கு" என்றார். மூன்று தடவை போதும்.

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீடு முதல் மாடி, அவருடையது இரண்டாவது மாடி. தனி ஆள். ஐம்பதைத் தாண்டிய வயது. கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். விரல் நுனிகள் எப்போதும் பழுப்பாக இருக்கும்; எந்த சோப்புக்கும் அந்தக் கறை போகாது. கே.ஜி.எஃப்.பில் பிறந்தவர். அப்பா அங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து இருமி இருமிச் செத்தவர். அக்கா பெங்களூருக்கு வந்து, பீனியா பக்கம் இருமல் சிரப் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியின் லேபில் இருபது வருஷம் இருந்தார். அந்த வேலையை விட்ட பிறகுதான் வீட்டிலேயே டிங்சர் போட ஆரம்பித்தார்.

மூலிகையைச் சாராயத்தில் ஊறவைத்து அதன் சாரத்தை இறக்குவதுதான் டிங்சர். அவருடைய படுக்கையறை அலமாரியில் துணிக்குப் பதிலாக வாயகன்ற கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நிற்கும். ஆடாதோடை இலை ஒன்றில், அதிமதுரமும் சுக்கும் ஒன்றில், வல்லாரை ஒன்றில், சடாமாஞ்சில் வேர் ஒன்றில். பொடியாக நறுக்கிப் போட்டு, மேலே இரண்டு விரற்கடை நிற்கிற அளவுக்கு பிராந்தி ஊற்றி, இறுக்கி மூடி, வெளிச்சம் படாமல் ஆறு வாரம் வைப்பார். காலையில் பல் தேய்த்ததும் ஒரு தடவை, சாயங்காலம் விளக்கு போட்டதும் ஒரு தடவை ஒவ்வொரு ஜாடியையும் எடுத்துக் குலுக்குவார். ஆறு வாரம் கழித்து மல் துணியில் பிழிந்து, கருப்பட்டி நிறத்துக் குட்டி பாட்டில்களில் நிரப்பி, சொட்டு சொட்டாக விழும் மூடி போட்டுக் கொடுப்பார். தெருப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் 'சொட்டு மருந்து அக்கா'.

பிராந்தி வாங்க அவரே போவார். வெள்ளைப் புள்ளி போட்ட காட்டன் புடவை, கையில் குடை, தோளில் துணிப்பை. ஒயின் ஷாப் வாசலில் ஆண்களுக்கு நடுவில் நின்று, பாட்டிலை வாங்கிக் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, பின்பக்க எழுத்து முழுவதையும் படிப்பார். "ஏன் மேடம், வீட்ல பார்ட்டியா?" என்று கடைக்காரர் ஒரு தடவை கிண்டல் செய்தார். "ஆமாப்பா, இலைங்களுக்கு பார்ட்டி" என்றார் அக்கா. ஆனால் ஒரு வாய் குடித்தவரில்லை. தான் செய்த மருந்தைக்கூட நாக்கு நுனியில் தொட்டுத் துப்பிவிடுவார்.

யாருக்கும் உடனே மருந்து கிடைத்துவிடாது. முதலில் கேள்வி. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சர்க்கரை உண்டா, ஈரல் கோளாறு உண்டா, பெண்ணாக இருந்தால் நாள் தள்ளியிருக்கிறதா, குடிப்பழக்கம் உண்டா? ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வார். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே கேள்விகள். மருந்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் மூன்றாவது தடவை. "முதல் தடவை வாய் பதில் சொல்லும். ரெண்டாவது தடவை வெக்கம் பதில் சொல்லும். மூணாவது தடவைதான் மனுஷன் சொல்லுவான்" என்பார்.

அது உண்மை என்பதை நானே ஒரு தடவை பார்த்தேன். எதிர் வீட்டு டெய்லரின் மனைவி வயிற்று வலி என்று வந்தாள். நாள் தள்ளவில்லை என்று இரண்டு தடவையும் சொன்னாள். மூன்றாவது தடவை பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டு செருப்பைப் போடும்போது அக்கா கேட்டார். அவள் செருப்பில் பாதி நுழைந்த காலோடு அப்படியே நின்றாள். "நாப்பது நாள் ஆச்சுக்கா. வீட்ல இன்னும் சொல்லலை" என்று அழுதாள். அக்கா பாட்டிலைத் திரும்ப வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, அவளை ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப் போனார்.

ஒரு நாள் அவர் ஆடாதோடை பிழிந்துகொண்டிருக்கும்போது கேட்டேன். "ஏன்கா, எதுக்கு இந்த மூணு?"

"லேப்ல எதையும் மூணு ரீடிங் எடுக்கணும் ஸ்டெல்லா. மூணையும் எழுதி, கீழ கையெழுத்துப் போடணும்." துணியை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினார். "ஒரு நாள் லாரி வாசல்ல நிக்குது. மேனேஜர் அவசரப்படுத்தறார். ஒண்ணு எடுத்துட்டு மூணுன்னு எழுதிட்டேன்."

"அப்புறம்?"

"அந்த சிரப் போன ஊர்ல ரெண்டு பிள்ளைங்க ஆஸ்பத்திரில சேர்ந்தாங்கன்னு சேதி வந்துச்சு. கம்பெனில அந்த பேட்ச்சோட சாம்பிளைக் கொட்டிக் கழுவிட்டாங்க. எங்க சிரப்பால வந்ததா, வேற எதனாலயாவது வந்ததா, யாருக்கும் தெரியாமலே போச்சு."

"பிள்ளைங்க?"

"கேட்டேன். மேனேஜரைக் கேட்டேன், சரக்கு கொண்டுபோன டிரைவரைக் கேட்டேன், கடைசியா முதலாளியையே கேட்டேன். யாரும் சொல்லலை."

சொல்லிவிட்டு, பிழிந்த சக்கையை பேப்பரில் கொட்டி மடித்தார்.

இவரிடம்தான் நான் பொய் சொன்னேன்.

என் தம்பி ரிச்சர்ட் என்னைவிட இரண்டு வயது சின்னவன். ஏசி மெக்கானிக். என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். அப்பா செத்த பிறகு குடிக்க ஆரம்பித்து, வேலைக்குப் போகாமல் கிடந்து, கடைசியில் ஒரு மறுவாழ்வு மையத்தில் இருந்து திரும்பி வந்தான். அதற்கப்புறம் பதினொரு மாதம் தொடவில்லை. அம்மாவும் நானும் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தோம். அந்தச் சமயத்தில்தான் மர்பி டவுனில் ஒரு பெண் அமைந்தது. நல்ல குடும்பம். பையன் குடிப்பானா என்பதைத்தான் அவர்கள் முதலில் விசாரித்தார்கள். இல்லை என்று அம்மா சொன்னாள். இப்போது இல்லையே, பொய்யில்லை என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

குடியை விட்டதிலிருந்து ரிச்சர்டுக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணுக்குக் கீழே கருவளையம். ஏணியில் ஏறி வேலை செய்கிறவனுக்குக் கை நடுங்கியது. "நிச்சயதார்த்தத்தன்னைக்கு இப்படி உக்காந்திருந்தா குடிகாரன்னுதான் நினைப்பாங்க" என்று அம்மா புலம்பினாள். நான் மாடிக்குப் போனேன்.

தூக்கத்துக்கு அக்கா சடாமாஞ்சிலும் அமுக்கராவும் சேர்த்து ஒன்று வைத்திருந்தார். நோட்டைத் திறந்தார். எல்லாம் கேட்டார். "இதுல பிராந்தி இருக்கு, தெரியுமில்ல? இருபது சொட்டுதான். மத்தவங்களுக்கு அது ஒண்ணுமே இல்லை. விட்டவனுக்கு இருபது சொட்டு போதும், உள்ள தூங்கறதை எழுப்பிடும். தம்பிக்குக் குடிப்பழக்கம் உண்டா? எப்பவாவது இருந்துச்சா?"

பெண்ணின் பெரியம்மா அக்காவிடம் மூட்டு வலிக்கு மருந்து வாங்குகிறவள். அந்த நினைப்பு முதலில் வந்து நின்றது.

"இல்லக்கா."

இரண்டு நாள் கழித்து நான் துணி காயப்போட மொட்டைமாடிக்கு ஏறும்போது படியில் நிறுத்திக் கேட்டார். என் கையில் ஈரத்துணி வாளி. இல்லக்கா என்றேன். மூன்றாவது தடவை நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்துக்கே போன் செய்தார். இடைவேளை, வராந்தாவில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "எங்க வீட்ல யாரும் அதைத் தொட மாட்டாங்கக்கா" என்றேன். கேட்காத வார்த்தையையும் சேர்த்துச் சொன்னேன்.

"சந்தோஷம். சாயங்காலம் வந்து வாங்கிக்கோ" என்றார்.

அதில் பிராந்தி இருப்பதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. வேர் வாசனையில் அவளுக்கும் எதுவும் தெரியவில்லை. ரிச்சர்டிடமும் சொல்லவில்லை. ஆனால் முதல் நாள் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு அவன் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். என்னைப் பார்த்தான். பிறகு உதட்டைத் துடைத்துக்கொண்டு படுக்கப் போனான். அன்றைக்கு நன்றாகத் தூங்கினான். ஒரு வாரம் தூங்கினான். அம்மா அக்காவுக்காக ஜெபம் செய்தாள்.

ஒன்றரை மாதத்துக்கு வரவேண்டிய பாட்டில் அது. ஒரு சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம் முடிந்து வந்தபோது ரிச்சர்ட் பாத்ரூம் தரையில் உட்கார்ந்து, சொட்டு மூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பாட்டிலைக் கவிழ்த்து வாய்க்குள் தட்டிக்கொண்டிருந்தான். பத்தாவது நாள். "ஸ்டெல்லா, அம்மாகிட்ட சொல்லாதே" என்றான். நான் சொல்லவில்லை. மாடிக்குப் போயும் சொல்லவில்லை. முடிந்துபோனது, இனி பாட்டில் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் அவன் ஒயின் ஷாப்புக்கே போய்விட்டான். இரண்டு மாதத்தில், பட்டப்பகலில், வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவன் குடித்துவிட்டு வண்டியோடு டிவைடரில் மோதினான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தான். கண் திறக்கவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பி வந்த மத்தியானம், அவன் சட்டைகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்த மாமா அலமாரி மூலையில் அந்தக் காலி பாட்டிலைக் கண்டெடுத்தார். முகர்ந்து பார்த்தார். "இது பிராந்தி இல்ல?" என்றார்.

அம்மாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் அவள் போட்ட கூச்சல் தெரு முனை வரை கேட்டிருக்கும். "சாராயத்தை மருந்துன்னு குடுத்து என் பிள்ளையைக் கொன்னுட்டாளே! பதினோரு மாசம் தொடாதவன்!"

அக்கா அப்போதுதான் படியிறங்கி வாசலுக்கு வந்திருந்தார். காலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் மேலேயிருந்து காபி போட்டு அனுப்பிக்கொண்டிருந்தவர். அம்மா கத்துவதைக் கேட்டுத் திரும்பி மேலே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் திரும்ப வந்தார். கையில் அந்த நீள நோட்டு.

நான் பார்த்துவிட்டேன். அதில் என் பேர், தேதி, மூன்று 'இல்லை' எல்லாம் இருந்தன. வீடு நிறைய சொந்தக்காரர்கள். மர்பி டவுன் பெண்ணின் அப்பாகூட ஒரு நாற்காலியில் இருந்தார்.

"அம்மா, நான் கேட்டேன்" என்று ஆரம்பித்தார் அக்கா.

"என்னடி கேட்டே? என்ன கேட்டே?" அம்மா அவர் புடவையைப் பிடித்துவிட்டாள். அதுவரை அக்காவை அவள் வாங்க போங்க என்றுதான் பேசியிருக்கிறாள்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருக்கலாம். தரையைப் பார்த்தேன். சிவப்பு சிமெண்டுத் தரையில் யாரோ கொட்டிய காபி காய்ந்து வட்டமாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோட்டை அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஒண்ணும் இல்லம்மா. என்னை மன்னிச்சிடுங்க" என்றார்.

போலீஸில் புகார் கொடுக்க வேண்டும் என்று மாமா குதித்தார். யாரோ சமாதானம் செய்து உட்காரவைத்தார்கள். மறுநாள் காலையில் மாடி பாத்ரூமிலிருந்து தண்ணீர் இறங்கும் குழாயில் சளசளவென்று சத்தம். எங்கள் சமையலறை ஜன்னலை ஒட்டித்தான் அந்தக் குழாய் போகிறது. சாராய நெடியும் இலை நெடியும் வேர் நெடியும் ஜன்னல் வழியாக உள்ளே வந்தன. ஒவ்வொரு ஜாடியாகக் கொட்டிக்கொண்டிருந்தார். ஆடாதோடை எது, அதிமதுரம் எது என்று வாசனையிலேயே எனக்குத் தெரிந்தது. கடைசியாக வந்தது சடாமாஞ்சில். ஒரு வாரம் அந்தச் சமையலறையில் யாரும் சாப்பிட முடியவில்லை. பத்தாவது நாள் அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார். சாமான் வண்டியில் ஏறும்போது நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

எட்டு வருஷம் ஆயிற்று. வகுப்பில் யாராவது எதையாவது உடைத்துவிட்டால், "யார் செஞ்சது?" என்று ஒரு தடவைதான் கேட்பேன். பதில் வராவிட்டால் விட்டுவிடுவேன். ரொம்ப நல்ல டீச்சர் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். எத்தனையோ தடவை சர்ச்சில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். இதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொல்வேன். போன வருஷம் தவக்காலத்தில் ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன். "கடவுள்கிட்ட சொல்லிட்டே. சொல்ல வேண்டியவங்க இன்னும் இருக்காங்க இல்லையாம்மா?" என்றார் சாமியார்.

விசாரித்துக்கொண்டு ஈஜிபுராவுக்குப் போனேன். அக்கா தன் தங்கை மகள் வீட்டில், மூன்றாவது மாடியில் ஒரு சின்ன அறையில் இருந்தார். கார்மெண்ட்ஸிலிருந்து வந்த சட்டைகளை மடியில் போட்டு, தொங்கும் நூல்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். ரொம்ப மெலிந்துவிட்டார். விரல்கள் வெளுத்திருந்தன. அறையில் ஒரு ஜாடி இல்லை.

"வா ஸ்டெல்லா. காபியா, டீயா?" என்றார்.

"எதுவும் வேணாங்கா."

"சரி" என்று உட்கார்ந்துவிட்டார். ஒரு தடவைதான் கேட்டார்.

சொன்னேன். சொல்வதற்கு என்ன இருக்கிறது, அவருக்குத் தெரியாததா? ஆனாலும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், பாத்ரூம் தரை உட்பட. அவர் நூலை வெட்டிக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு ஏன்கா நோட்டைத் திறக்கலை?"

"உங்க அம்மாவுக்கு மிச்சம் இருந்தது நீ ஒருத்திதான். அதையும் நான் எடுத்துக்கணுமா?"

"அந்த நோட்டு இப்ப எங்கக்கா?"

"அன்னைக்கே அடுப்புல வெச்சிட்டேன்." கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "மூணு ரீடிங்கும் ஒரே மாதிரி வந்துச்சு ஸ்டெல்லா. லேப்ல அப்படி அச்சா ஒரே மாதிரி வந்தா சந்தேகப்படணும்னு எங்களுக்குச் சொல்லித்தருவாங்க. நான் சந்தோஷப்பட்டேன். அது என் தப்புதான்."

நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் தலையைத் தொடவில்லை, தள்ளிவிடவும் இல்லை. கிளம்பும்போது மட்டும், "அம்மாகிட்ட சொல்லாதே. திட்டறதுக்கு அவங்களுக்கு ஒரு ஆள் வேணும். நான் இருக்கற வரைக்கும் நான் இருக்கேன்" என்றார்.

இந்த டிசம்பரில் அவர் தங்கை மகள் போன் செய்தாள். இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான் என்றாள். அடக்கத்துக்குப் போய்விட்டு வந்தேன். அம்மா கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். எங்கே போனாய் என்றாள். சொன்னேன்.

"போயிட்டாளா?" அம்மா ஒரு காயைப் பிளந்து விதையைத் தட்டில் தள்ளினாள். "போகட்டும். என் பிள்ளை போன எடத்துக்கு அவளும் போய் பதில் சொல்லட்டும்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கேட்டது, மூன்று தடவையும் நான் இல்லை என்றது, நோட்டு, பெண் வீட்டார் பயம், காலி பாட்டில். அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் நாலைந்து காய் உரித்தாள்.

"அந்த நோட்டு எங்க? காட்டு."

"எரிச்சிட்டாங்கம்மா. அன்னைக்கே."

"எரிச்சிட்டாளாம்." அம்மா தலையை ஆட்டினாள். "செத்தவமேல பாவப்பட்டு நீ உன்மேல பழி போட்டுக்கறே. நீ அப்படிச் செய்யற பொண்ணு இல்ல. எனக்குத் தெரியாதா?"

"அம்மா, சத்தியமா நான்தான்..."

அம்மா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். என் முகத்துக்குக் கிட்டே வந்தாள். அவள் கண்ணில் பழைய பயம் ஒன்று வந்திருந்தது. ரிச்சர்ட் இருந்தவரை தினமும் அவன் வாசலில் நுழையும்போது இப்படித்தான் எழுந்து வந்து நிற்பாள்.

"அவ வீட்டுக்குப் போக வர இருந்திருக்கே. உனக்கும் அந்தச் சொட்டைக் குடுத்தாளா? ஊது" என்றாள்.

"அம்மா..."

"ஊதுடி."

நாற்பத்திரண்டு வயது எனக்கு. வாயைத் திறந்து, அம்மாவின் முகத்தில் ஊதினேன்.